குறும்படம் திக்குது, வகுப்பும் பேசமாட்டேங்குது: பதில்

வணக்கம் டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்கு ஜூமில் 18 நிமிடக் குறும்படம் போட்டால் சத்தம் வரவில்லை, படம் திக்குகிறது, முடிந்ததும் ஒருவரும் வாய் திறப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

சத்தத்துக்கு, ஸ்கிரீன் ஷேர் பெட்டியின் அடியில் 'ஷேர் சவுண்ட்' டிக் செய்யுங்கள். திக்குவதற்குக் காரணம், யூடியூப் படம் உங்கள் கணினிக்கு இறங்கி, அங்கிருந்து மறுபடி ஏற வேண்டியிருப்பது. மழை நாளில் வேளச்சேரி இணைப்பு அதைத் தாங்காது. லிங்க்கை சாட்டில் போட்டு, அவரவர் போனில் 360பி என்ற குறைந்த படத் தரத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

மௌனம்தான் உண்மையான சிக்கல். 18 நிமிடம் ரொம்ப அதிகம். 5 நிமிடத் துண்டு போதும். ஓட்டும் முன்பே ஒரே ஒரு கேள்வி கொடுங்கள். அதுவும் கண்ணுக்குத் தெரிவதாக இருக்கட்டும்: "அப்பா வந்ததும் பையன் தட்டை ஏன் நகர்த்துகிறான்?" 'கருத்து என்ன' என்று கேட்டால் பிள்ளைகள் உறைந்துபோவார்கள், பாவம். அந்தத் துண்டின் முடிவுக்கு முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். எல்லாரும் பதிலை சாட்டில் அடித்து வைக்கட்டும்; நீங்கள் "அனுப்புங்க" என்றதும்தான் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் முதலில் வந்த பதிலையே மற்றவர்கள் திருப்பி எழுதுவார்கள். பிறகு பெயர் சொல்லி அழைத்து, அவர்கள் எழுதிய வரியையே வாசிக்கச் சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கக் கூச்சம் குறைவு. துண்டின் மீதியை அதற்கப்புறம் பார்க்கச் சொல்லுங்கள்.