டிராம்பூயி: 1745-ஆ, 1893-ஆ?

ஸ்காட்லாந்தின் இனிப்பு விஸ்கி மதுவான டிராம்பூயி தோன்றிய ஆண்டு எது என்று கேட்டிருந்தீர்கள். கட்டுரையில் 1893 என்றே போடுங்கள். நீங்கள் பார்த்த இரண்டு ஆண்டுகளில் அதுதான் ஆவணப்படி சரி: ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் பிராட்ஃபோர்டு விடுதியை நடத்திய ஜேம்ஸ் ராஸ் அந்தப் பெயரை வணிகக்குறியாகப் பதிந்த ஆண்டு.

1745 குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: பிரிட்டிஷ் அரியணையைப் பிடிக்க இளவரசர் சார்ல்ஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் நடத்திய கிளர்ச்சி தொடங்கிய ஆண்டை, மதுவின் பிறந்த ஆண்டாக எடுத்துக்கொள்கிறார்கள்.

நீங்களே சரிபார்க்கலாம். அந்தக் கிளர்ச்சியின் கடைசிப் போரான குல்லோடனில் இளவரசர் தோற்றது 1746 ஏப்ரல் 16. ஸ்கைக்குத் தப்பி வந்தது அதற்கும் பிறகு, ஜூன் கடைசியில். அங்கே அடைக்கலம் தந்த ஜான் மக்கின்னனுக்கு நன்றியாக மதுவின் செய்முறையைக் கொடுத்தார் என்பதுதான் கதை. கதையையே அப்படியே நம்பினாலும் 1745 பொருந்தாது!

அப்புறம் ஒரு விஷயம். முழுவதையும் கட்டுக்கதை என்று எழுதிவிடாதீர்கள், அது அநியாயம். கேப்டன் ஜான் மக்கின்னன் நிஜ மனிதர். 1746 ஜூலையில் ஸ்கையின் எல்கோல் கிராமத்திலிருந்து இளவரசரைப் படகில் கரை சேர்த்தார், அதற்காகச் சிறைக்கும் போனார். வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுவது செய்முறை கைமாறியதை மட்டும்தான். அந்த வரியில் மட்டும் ‘என்பது மக்கின்னன் குடும்ப மரபு’ என்று சேர்த்தால் போதும்.

எடின்பரோவில் மால்கம் மக்கின்னன் இந்த மதுவை வணிகமாக வளர்த்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதை 1893உடன் கலக்க வேண்டாம்.