தமையனார் வருவதற்குள் குளியலறை கட்ட நகை அடகை மறுபடியும் புதுப்பிக்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். வயது 46. மனைவி ஆசிரியை; இரண்டு பிள்ளைகள். இருவரதும் சம்பளமாக மாதம் 315,000 ரூபா கைக்கு வருகிறது. தச்சு வேலை என் பொழுதுபோக்கு. ஹப்புத்தளைக்கு அருகே வாங்கிய 20 பேர்ச்சஸ் காணியில் 2021 முதல் ஒரு சிறிய கபானாவை, அதாவது ஓய்வுக் குடிலை, கட்டி வருகிறேன். அதற்காக மனைவியின் 18 பவுண் நகையை வங்கியில் அடகு வைத்து, நான்கு தடவைகளில் 19 இலட்சம் எடுத்தேன். இப்போது ஆட்கூலிக்கும் பொருளுக்கும் மாதம் 35,000, இரண்டு தடவை போய்வர 22,000, தச்சுக் கருவிகளுக்கு 15,000 செலவாகிறது. கனடாவிலுள்ள தமையனார் டிசெம்பரில் குடும்பத்துடன் வருகிறார். இன்னோர் அறையும் சுடுநீர்க் குளியலறையும் கட்டி வைக்கும்படியும், கணக்கைப் பிறகு பார்க்கலாம் என்றும் சொல்கிறார். பவுணுக்கு வங்கி கொடுக்கும் தொகை கூடியிருப்பதால், இந்தச் செப்டெம்பரில் புதுப்பிக்கும்போது மேலும் 8 இலட்சம் எடுக்கலாம். பயணிகளுக்கு வாடகைக்கு விட்டால் கடன் தானாக அடையும் என்கிறார் மைத்துனர். கூட்டுக் கணக்கில் 650,000 ரூபா நிலையான வைப்பும் உண்டு. ஆவணியில் நடந்த உறவினர் திருமணத்துக்கு மனைவி கவரிங் நகை அணிந்து வந்தார். அன்றிலிருந்து மனம் சரியில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வரவு செலவுத் திட்டம் போடுங்கள், சேமியுங்கள் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாதச் செலவை ஆயிரம் ரூபாவுக்குள் பிரித்து எழுதத் தெரிந்தவர் நீங்கள். உங்கள் கடிதத்தில் ஒரேயொரு தொகைதான் தவறானது; உங்களுக்கு வந்த கேடும் அந்தத் தொகையிலேயே இருக்கிறது. கபானாவுக்காக நீங்கள் பட்ட கடன் 19 இலட்சம் அல்ல.

கடிதத்துடன் அனுப்பிய பற்றுச்சீட்டுகளை வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டேன். 2021 செப்டெம்பரில் 9 இலட்சம் எடுத்தீர்கள். ஓராண்டில் 10 சதவீத வட்டியுடன் அது 9 இலட்சத்து 90 ஆயிரமானது. வட்டியைக் கட்டாமல் முதலுடன் சேர்த்துப் புதுப்பித்து, மேலும் 3 இலட்சம் வாங்கினீர்கள். 2022 ஏப்பிரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியிருந்த காலம் அது. உங்கள் சீட்டில் 22 சதவீதம் என்று இருக்கிறது. 12 இலட்சத்து 90 ஆயிரம், 2023 இல் 15 இலட்சத்து 74 ஆயிரமாயிற்று. அதற்கு மேல் மூன்றரை இலட்சம் எடுத்தீர்கள். 16 சதவீத வட்டியுடன் 22 இலட்சத்து 30 ஆயிரத்தைத் தாண்டியது. 2024 இல் இன்னுமொரு மூன்றரை இலட்சம், 12 சதவீதம். இன்று அத்தனை நகையையும் மீட்க வேண்டுமானால் ஏறத்தாழ 29 இலட்சம் தேவை. கட்டடத்துக்குப் போனது 19 இலட்சம். மற்றைய 10 இலட்சம் வட்டி. இந்த நான்கு ஆண்டுகளில் வட்டிக்கென்று உங்கள் பையிலிருந்து ஒரு ரூபாவும் எடுத்துக் கொடுக்கவில்லை என்பதால்தான் அது உங்கள் கண்ணில் படாமலே வளர்ந்திருக்கிறது.

நான் நிறுத்தச் சொல்வது இந்தப் பழக்கத்தை. கபானாவையோ தச்சு வேலையையோ விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. அடகு என்பது அவசரத்துக்கு எடுத்து, சில மாதங்களில் மீட்பதற்கான வழி. அதை ஆண்டுதோறும் புதுப்பிப்பவர்கள், பொன்னின் விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்று பந்தயம் கட்டியவர்களாகிறார்கள், தாங்கள் அறியாமலே. விலை ஏறும்வரை வங்கி கேட்டதைக் கொடுக்கும். விலை இறங்கினால் பவுணுக்கான தொகையும் இறங்கும். புதுப்பிக்கப் போகும் நாளில், மேலதிகமாக எடுப்பதற்குப் பதிலாக, வித்தியாசத்தை நீங்கள் காசாகக் கட்ட வேண்டிவரும். 2013 ஏப்பிரலில் உலகச் சந்தையில் தங்கம் திடீரெனச் சரிந்த பின்னர் இலங்கையில் இதுதான் நடந்தது: மீட்பதைவிட விட்டுவிடுவதே இலாபம் என்று பலர் கைவிட, நகைகள் ஏலத்துக்குப் போயின, வங்கிகளும் நட்டப்பட்டன. ஏலத்தில் போனவற்றுள் தாய் கழுத்திலிருந்து மகள் கழுத்துக்கு வர வேண்டியிருந்த கொடிகளும் இருந்திருக்கும். உங்கள் மனைவியின் 18 பவுணை அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள்.

இப்போது தமையனாரின் விருப்பத்துக்கு வருவோம். 8 இலட்சம் எடுத்தால் கடன் 37 இலட்சமாகும். 11 சதவீதத்தில் ஆண்டு வட்டி மட்டும் நான்கு இலட்சத்துக்கு மேல், அதாவது மாதம் 34,000 ரூபா. இரண்டு கிழமைகள் தங்கிச் செல்பவர்களுக்காக இந்தச் சுமையை ஏற்பது அன்பாகாது. அவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் 8 இலட்சம் ரூபா இன்றைய நாணய மாற்றில் நாலாயிரம் கனேடிய டொலருக்கும் குறைவு. அறை வேண்டுமானால் பணத்தை முன்கூட்டியே அனுப்பும்படி நேராக எழுதுங்கள். பிறகு பார்க்கலாம் என்ற வார்த்தையை மட்டும் நம்பி நகையை வைக்காதீர்கள். அவர் அனுப்பினாலும் டிசெம்பருக்குள் கட்டி முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஹப்புத்தளைப் பக்கம் ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையே மழை அதிகம். பதுளை மாவட்டத்தில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு இடர் அறிக்கையும் பிரதேச சபையின் அனுமதியும் வேண்டும். புதிய அறைக்காகச் சரிவை வெட்டுவதென்றால் அந்த அறிக்கை வெறும் தாள் அல்ல. 2014 ஒக்ரோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண் இறங்கிய இடமும் அதே மலைச்சாரலில்தான் இருக்கிறது. வந்தவர்களை பண்டாரவளையில் ஒரு விடுதியில் தங்க வைத்து, பகலில் கபானாவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மைத்துனரின் யோசனையை இப்போது பலரும் சொல்கிறார்கள். நாற்காலி போட்ட ஒரு முற்றமும் மலைக்காட்சியும் இருந்தால் வருமானம் கொட்டும் என்ற இந்தப் பேச்சைக் கேட்டுக் கடன் எடுத்தவர்களின் கடிதங்கள் எனக்கு அடிக்கடி வருகின்றன. இரவொன்றுக்கு 10,000 ரூபா, மாதத்தில் ஆறு இரவுகள் நிரம்புகின்றன என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 60,000 இல் முன்பதிவுச் செயலிக்கு 15 சதவீதம் போனால் 51,000. காவலாளி, சலவை, மின்சாரம் என்று 25,000 கழித்தால் மிஞ்சுவது 26,000. மேலே சொன்ன மாத வட்டி 34,000. மழை மாதங்களையும், சுற்றுலா அதிகார சபையில் பதிவு செய்யும் செலவையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. விருந்தினர் வரும் சனி ஞாயிறுகளில் நீங்கள் அங்கே உளியைத் தொடவும் முடியாது.

இனிச் செய்ய வேண்டியது. நிலையான வைப்பை முறியுங்கள். அது 8 சதவீதம் ஈட்டி, பிடித்துவைத்தல் வரி போக ஆண்டுக்கு 46,800 ரூபா தருகிறது. அதே தொகைக்கு நீங்கள் அடகில் கட்டும் வட்டி 71,500. முதிர்வுக்கு முன் எடுப்பதால் சிறிது வட்டி இழப்பு ஏற்படும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். அந்த ஆறரை இலட்சத்தில், பவுணுக்கு ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று மேலாக நிற்கும் கடனின்படி, நான்கு பவுண் மீளும். கடன் 22 இலட்சத்து 50 ஆயிரமாகக் குறையும்.

மாதாந்தக் கொடுப்பனவுக்கும் வழி உங்கள் கடிதத்திலேயே உள்ளது. கட்டட வேலையை நிறுத்தினால் 35,000, புதிய கருவி வாங்காவிட்டால் 15,000, பயணத்தை மாதம் ஒன்றாக்கினால் 11,000. ஏறத்தாழ 60,000 ரூபா. இதைத் தவறாமல் கட்டினால் நான்கு ஆண்டுகளுக்குச் சற்று முன்பாக எல்லா நகையும் வீடு வந்துவிடும். மீட்ட நான்கு பவுணை, பவுண் இரண்டேகால் இலட்சத்துக்குக் குறையாமல் விற்க முடிந்து, அந்த 9 இலட்சத்தையும் கடனில் போட்டால், காலம் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகச் சுருங்கும். கணக்கு இரண்டாவது வழிக்கே சாதகமாக இருக்கிறது. ஆயினும் வைப்பை முறித்த பிறகு ஆபத்து அவசரத்துக்கு வீட்டில் இருக்கப்போவது அந்த நான்கு பவுண்தான். அத்துடன், அது அவர் சீதனமாகக் கொண்டுவந்த நகை. விற்பதா வைத்திருப்பதா என்பதை மனைவி சொல்லட்டும். நீங்கள் அவருக்குக் கணக்கை மட்டும் காட்டுங்கள், 19 அல்ல, 29 என்ற கணக்கை.

தச்சு வேலை நிற்க வேண்டியதில்லை. இருக்கும் கருவிகளும் வாங்கி அடுக்கிய பலகைகளும் கபானாவின் கதவு, யன்னல்களுக்குப் போதும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாதம் ஒரு தடவை பிள்ளைகளுடன் போய் அவற்றைச் செய்து பொருத்துங்கள்.

புதுப்பிக்கும் நாளில் வங்கியில் ஒரு காரியத்தைக் கேட்டுச் செய்யுங்கள். எஞ்சும் 14 பவுணையும் ஒரே சீட்டில் வைக்காமல், நகை நகையாக நான்கைந்து சிறு சீட்டுகளாகப் பிரித்து வையுங்கள். அப்போது ஒவ்வொன்றாக மீட்க முடியும், முழுத்தொகை சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எது முதலில் வீட்டுக்கு வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.