புதுப்பிக்கப்பட்ட பழைய டியர்டிராப் கேரவனின் வயதை எங்கே தேடுவது?

கலிஃபோர்னியாவில் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட ஒரு டியர்டிராப் கேரவனை வாங்கியிருக்கிறீர்கள். விற்றவர் அதை 1939ஆம் ஆண்டின் தொழிற்சாலைத் தயாரிப்பு என்கிறார். தயாரிப்பாளர் தகடு இல்லை, பழைய எண் எதுவும் கண்ணில் படவில்லை. அதைச் செய்தவர் யார், எந்த ஆண்டில் செய்தார் என்பதை எப்படி உறுதி செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே நிலையில்தான் இருந்தேன். என்னுடைய வண்டியையும் 1939 என்று சொல்லித்தான் விற்றார்கள். அதன் உண்மையான வயதை நெருங்க எனக்கு இரண்டு குளிர்காலங்கள் பிடித்தன. அந்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

முதலில் வண்டியின் பின்னணி. படுக்க வைத்த கண்ணீர்த்துளியைப் போன்ற இந்தச் சிறு இழுவை வண்டிகள் 1930களில் அமெரிக்காவில் தோன்றின. உள்ளே இருவர் படுக்க இடம் இருக்கும். பின்மூடியைத் தூக்கினால் அடுக்களை. பெரும்பாலானவை ஏறத்தாழ 4 அடி அகலமும் 8 அடி நீளமும் கொண்டிருப்பதற்குக் காரணம், பிளைவுட் பலகை அந்த அளவில்தான் வரும் என்பதே. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இவற்றின் பொற்காலம் வந்தது. கலிஃபோர்னியாவில் கிட், பென்ராய், கென்ஸ்கில், மாடர்னிஸ்டிக் போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்து விற்றன. அதே காலத்தில், 1947இல், மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட், பாப்புலர் மெக்கானிக்ஸ் போன்ற இதழ்கள் வீட்டிலேயே கட்டிக்கொள்வதற்கான வரைபடங்களை வெளியிட்டதால், வாசல் கொட்டகைகளில் தச்சு வேலை தெரிந்தவர்கள் கட்டிய வண்டிகளும் ஏராளமாக உள்ளன. ஆகவே போருக்கு முந்தைய தொழிற்சாலை வண்டி என்று யாராவது சொன்னால், அதற்குச் சான்று கேட்பதே முறை.

புதுப்பித்த வண்டியில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் புதுப்பித்தவருடைய காலத்தைத்தான் சொல்லும். பெயின்ட், மெத்தை, கைப்பிடி, ஜன்னல் ரப்பர், பளபளக்கும் தகடு ஆகிய எதையும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் கை வைக்கத் தேவைப்படாத இடங்கள் எவையோ அங்கேதான் வயது இருக்கும்: சேஸிஸின் அடிப்பக்கம், அச்சு, தகட்டின் உட்புறம், அடுக்களைத் தட்டின் கீழ்ப்பக்கம். இன்னொன்றையும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு பாகத்தின் வயது, வண்டி அதற்கு முன்னால் கட்டப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே காட்டும். அந்தப் பாகம் பத்து ஆண்டு ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்துவிட்டுப் பிறகு இந்த வண்டிக்கு வந்திருக்கலாம்.

சக்கரத்திலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் பலர் உடைந்த ஃபோர்ட் கார்களின் அச்சையும் சக்கரத்தையும்தான் எடுத்துப் பொருத்தினார்கள். ஃபோர்ட் மாடல் ஏ காரின் சக்கரம் 1928, 1929இல் 21 அங்குலம், 1930, 1931இல் 19 அங்குலம். பின்வந்த ஃபோர்ட் கார்களில் அது படிப்படியாகக் குறைந்து 1935இல் 16 அங்குலம் ஆனது. ஐந்து போல்ட்டுகளும் சேர்ந்து அமைக்கும் வட்டத்தின் விட்டம் இன்னும் தெளிவான தடயம். மாடல் ஏ காலத்தில் அது ஐந்தரை அங்குலம். 1936 முதல் 1939 வரையிலான கார்களில் பத்தே கால் அங்குலம் என்று வெகுவாக அகன்றிருந்தது. அதன்பின் மறுபடி ஐந்தரைக்குத் திரும்பி, 1949 மாடலில் நாலரை அங்குலமாகச் சுருங்கியது. அடுத்தடுத்த இரண்டு போல்ட்டுகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்து 1.7ஆல் பெருக்கினால் இந்த விட்டம் கிடைத்துவிடும். என் வண்டியில் இடைவெளி 82 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அங்குல வட்டம். சக்கரம் 16 அங்குலம். அந்த இரண்டு அளவுகளும் சேர்ந்து 1940 முதல் 1948 வரையிலான ஃபோர்ட் கார்களுக்குப் பொருந்துகின்றன. ஆனால் போர்க்கால ஜீப்பின் சக்கரத்துக்கும் அதே அளவுதான், ஃபோர்ட் பிக்கப் வண்டிகளில் அந்த வட்டம் 1949க்குப் பிறகும் நீடித்தது. ஆகவே சக்கரம் ஒரு திசையைக் காட்டியதே தவிர முடிவைச் சொல்லவில்லை.

முடிவுக்கு அருகில் கொண்டுபோனது அலுமினியத் தகடுதான். புதுப்பித்தவர் வெளிப்புறத்தை மெருகேற்றியிருந்தாரே ஒழிய, கூரைத் தகட்டை மாற்றவில்லை. மழைநீர் கசிந்ததால் உட்கூரைப் பலகையின் ஒரு மூலையைக் கழற்ற வேண்டியிருந்தது. டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தபோது, தகட்டின் உட்புறத்தில் மங்கிய மையில் வரிசையாக எழுத்துகள் தெரிந்தன: ஆல்கிளாட், பக்கத்தில் 24எஸ்-டி, பிறகு சிறிது இடைவெளி விட்டு அதே சொற்கள் மறுபடியும். தூசியை ஈரத் துணியால் ஒற்றி எடுத்த பிறகு கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது. 24எஸ் என்பது விமானங்களுக்குப் பயன்பட்ட உறுதியான அலுமினியக் கலவை. துருவைத் தடுக்க மேலே தூய அலுமினியப் பூச்சு கொடுக்கப்பட்ட தகட்டுக்கு ஆல்கிளாட் என்று பெயர். 1954இல் அமெரிக்க அலுமினியச் சங்கம் கலவைகளுக்கு நான்கு இலக்க எண்முறையைக் கொண்டுவந்தபோது, இதே கலவை 2024 ஆனது. ஆகவே 24எஸ் என்று அச்சான தகடு பழைய முறை நடப்பிலிருந்த காலத்தில் உருட்டப்பட்டது. 2024, 3003 போன்ற எண் இருந்தால் அந்தத் தகடு 1954க்குப் பிந்தையது, வண்டி 1939ஐச் சேர்ந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை, தகட்டையே மாற்றியிருந்தால் ஒழிய. போர் முடிந்ததும் விமான ஆலைகளில் மிஞ்சிய தகடுகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விமானத் தகடு போர்த்திய சிறு கேரவன் 1945ஐ ஒட்டியோ அதற்குச் சில ஆண்டுகள் கழித்தோ பிறந்திருக்க வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

பிளைவுட்டிலும் இப்படி முத்திரை இருக்கும். டி.எஃப்.பி.ஏ. என்பது 1933இல் தொடங்கிய டக்லஸ் ஃபர் பிளைவுட் சங்கத்தின் அடையாளம். 1964இல் அது அமெரிக்கன் பிளைவுட் அசோசியேஷன் என்று பெயர் மாறியது. ஆகவே ஏ.பி.ஏ. என்ற முத்திரை கண்டால் அந்தப் பலகை 1964க்குப் பிந்தையது. எனக்கு இந்தச் சாட்சி கிடைக்கவில்லை. என் வண்டியைப் புதுப்பித்த பட்டறைக்குத் தொலைபேசியில் பேசியபோது, பழைய பக்கப் பலகைகளைப் படம்கூட எடுக்காமல் குப்பைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். மட்கிய பலகைதான், ஆனால் வண்டியின் பிறப்புச் சான்றிதழ் அதில் இருந்திருக்கக்கூடும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

மற்றவை துணைச் சாட்சிகள். நம்மூரில் ஸ்டார் திருகாணி என்று சொல்வதற்கு 1936இல்தான் காப்புரிமை வழங்கப்பட்டது. பழைய துளைகளில் அவை இருந்தால் அதற்கு முந்தைய வண்டி அல்ல. ஒற்றைப் பள்ளத் திருகாணி எந்தக் காலத்திலும் இருந்தது, எனவே அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பருத்தி நூல் பின்னிய மின்கம்பி, 6 வோல்ட் பல்பு, கண்ணாடியாலான பின்விளக்கு மூடி ஆகியவை அசலாகவே இருந்தால் 1950களின் நடுப்பகுதிக்கு முந்தைய வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனெனில் அமெரிக்கக் கார்கள் அப்போதுதான் 12 வோல்ட்டுக்கு மாறின.

தொழிற்சாலையா வீடா என்ற கேள்விக்கு ரிவெட்டுகளையும் கோடுகளையும் பாருங்கள். தொழிற்சாலையில் மாதிரிப் பலகை வைத்துத் துளையிட்ட வேலையில் இடைவெளி ஒரே சீராக இருக்கும். இடப்பக்க வளைவைக் காகிதத்தில் எடுத்து வலப்பக்கத்தில் வைத்தால் அப்படியே பொருந்தும். என் வண்டியில் இரண்டுக்கும் முக்கால் அங்குல வித்தியாசம் இருந்தது. அடுக்களைத் தட்டின் அடியில் தச்சர் பென்சிலால் கிழித்த கோடும், அதன் ஓரத்தில் பதினொன்றே முக்கால் என்று அங்குலக் கணக்கும், ஒரு முறை அடித்துத் திருத்தி எழுதிய எண்ணும் இருந்தன. யாரோ ஒருவர் தம் வீட்டாருக்காக அளந்து, தவறி, திருத்திக் கட்டியது என்று அப்போது தெளிந்தேன். அது எனக்கு ஏமாற்றமாக இல்லை. அந்த வண்டி மீது மதிப்பு கூடியது. நிறுவன வண்டி என்று ஐயம் இருந்தால், முன் முனையிலும் கதவோரத்திலும் தயாரிப்பாளர் தகடு இருந்ததற்கான ஆணித் துளைகளைப் பெயின்ட்டுக்கு அடியில் தேடுங்கள். உப்புத்தாளை மட்டும் உடனே எடுத்துவிடாதீர்கள். இழுவைக் கம்பியில் பொறித்திருந்த ஏதோ ஒரு எண்ணை நான் துருவோடு சேர்த்துத் தேய்த்துவிட்டேன். கரைப்பான் தடவி, படம் எடுத்து, பிறகுதான் தேய்த்திருக்க வேண்டும்.

பதிவு ஆவணத்தில் உள்ள ஆண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். வீட்டில் கட்டிய வண்டிக்கு அது முதல் பதிவின் ஆண்டாகவோ உரிமையாளர் சொன்ன ஆண்டாகவோ இருக்கலாம். 17 இலக்க வாகன எண் 1981 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய வண்டியில் அது இருந்தால் பின்னாளில் கொடுக்கப்பட்டது என்று பொருள்.

இறுதியில் என் வண்டியின் குறிப்பேட்டில் இப்படி எழுதினேன்: வீட்டில் கட்டியது, கட்டியவர் பெயர் தெரியாது, பெரும்பாலும் 1945க்கும் 1954க்கும் இடைப்பட்டது, ஃபோர்ட் வகைச் சக்கரம், விமானத் தகடு. உட்கூரைப் பலகையைத் திரும்பப் பொருத்துவதற்கு முன், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து அந்த எழுத்துகளைப் படம் எடுத்து, ஒரு பிரதியை உறையிலிட்டு அந்தப் பலகைக்குப் பின்னாலேயே வைத்து மூடினேன். நீங்களும் கூரையின் ஒரு மூலையைத் திறந்து, போல்ட் இடைவெளியை அளந்து, இரண்டின் படத்தையும் இங்கே இட்டால் மேற்கொண்டு பார்க்கலாம்.