துப்பாக்கியின் கைப்பிடி கைக்கு இதமாக அமைய என்ன செய்ய வேண்டும்? குறி எப்படித் தேறும்?

கேள்வி கேட்ட நீங்கள், 10 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கைக் காற்றழுத்தக் கைத்துப்பாக்கியால் சுடும் ஏர் பிஸ்டல் விளையாட்டைப் பழகத் தொடங்கிச் சில மாதங்களே ஆனவர் என்று ஊகிக்கிறேன். கட்டைவிரலின் அடி எலும்பு வலிக்கிறது, வலக்கையால் சுடும் குண்டுகள் இடப்புறம் கீழே போய்ச் சேர்கின்றன, வேறு கைப்பிடி வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றும் இதே வரிசையில் எனக்கும் நேர்ந்தவை என்பதால், பொதுவாக வாசித்துவிட்டுக் கடந்துபோகும் நான் இதற்கு மட்டும் பதில் எழுத உட்கார்ந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பதக்கம் வென்றவள் அல்லள். 60 குண்டுகளுக்கு 600 புள்ளிகள் உள்ள போட்டியில் என்னுடைய ஆகச் சிறந்த எண்ணிக்கை 558. பயிற்றுநர்கள் இருக்க இவள் என்ன சொல்ல வந்தாள் என்று கேட்பவர்கள் தாராளமாகப் பயிற்றுநரையே கேட்கலாம். ஆனால் தவறான பிடியோடு இரண்டு ஆண்டுகள் மாரடித்த அனுபவம் எனக்கு உண்டு. துப்பாக்கி என்ற சொல்லைக் கண்டதும் அறிவுரை கூற வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டால் காகிதத்தில் ஓட்டை போடும் விளையாட்டைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

என் கை சிறியது. துப்பாக்கி சுடும் மன்றத்தில் புதியவர்களுக்குக் கொடுக்கும் துப்பாக்கிகளின் மரக் கைப்பிடிகளோ பெரிய கைகளை மனத்தில் வைத்துச் செதுக்கியவை. வலிக்கிறது என்றபோது, பலம் போதாது, போகப் போகப் பழகிவிடும் என்றார்கள். எனக்கென்று ஒரு துப்பாக்கி வாங்கிய பிறகு, கைப்பிடியைக் கைக்கு ஏற்றவாறு மாற்றுவதை ஒரு தவமாகவே எடுத்துக்கொண்டேன். உள்ளங்கையில் சுண்ணாம்புத் தூளைத் தடவிக்கொண்டு பிடித்துப் பார்ப்பேன். மரத்தில் வெள்ளை அழுத்தமாகப் படிந்த இடத்தை அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்ப்பேன். மறுநாள் வேறோர் இடம் உறுத்தும். அதிகமாகத் தேய்த்துவிட்ட இடத்தை, மரத்தில் பள்ளம் அடைக்கும் பசையான புட்டி வைத்து நிரப்புவேன். நடுவிரலுக்குக் கீழே மட்டும் நான்கு முறை தேய்த்து, மூன்று முறை நிரப்பியிருக்கிறேன்.

இந்தக் கூத்து ஒரு போட்டியின் கருவிச் சோதனையில் போய் முடிந்தது. கைப்பிடியின் அடியில் உள்ளங்கையைத் தாங்கும் பகுதி மேல்நோக்கி வளைந்து கையைத் தழுவக் கூடாது, மணிக்கட்டு முழுவதும் விடுபட்டுத் தெரிய வேண்டும் என்பது பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதி. நான் பூசிய புட்டியோ உள்ளங்கையின் விளிம்பில் சிறு கரையாகவே எழுந்து நின்றது. சோதனை அலுவலர் அதன் மேல் விரலை ஒருமுறை ஓட்டிவிட்டு, துப்பாக்கியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். என் சுற்றுக்கு அரை மணி நேரமே இருந்தது. கழிவறைக்கு வெளியே இருந்த படியில் உட்கார்ந்து அந்தக் கரையைச் சீவித் தள்ளிவிட்டு, கையெல்லாம் புட்டித் தூளுடன் போய்ச் சுட்டேன். வந்த புள்ளிகள் 531. பயிற்சியில் எனக்கு வழக்கமாக வந்ததும் அதே அளவுதான். இரண்டு ஆண்டுகளாக இழைத்து இழைத்துச் செய்த வளைவு, இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான் என்பது அன்று உறைத்தது.

அந்தச் சுற்றில் எனக்கு அடுத்த தடத்தில் சுட்ட மூத்தவர் ஒருவர், துப்பாக்கியைப் பெட்டியில் வைக்கும்போது என் ஆள்காட்டி விரலைப் பார்த்துவிட்டு, “டிரிக்கரை ஏன்மா அவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார். தூரத்தை மாற்ற முடியும் என்பதே எனக்குத் தெரியாது. பந்தயத்துக்கென்று செய்யப்படும் ஏர் பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றில் டிரிக்கரின் நாக்கு ஒரு சிறு தண்டின் மேல் முன்னும் பின்னும் நகரும். ஒரு திருகுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. உள்ளே குண்டு இல்லை என்று காட்டக் குழலில் செருகும் பாதுகாப்புக் கயிறு இருப்பதை அவர் பார்த்துக்கொண்டு, ஆலன் சாவி என்ற அறுகோணச் சாவியால் திருகைத் தளர்த்தி, நாக்கைச் சுமார் நான்கு மில்லிமீட்டர் பின்னுக்கு இழுத்து வைத்தார். ஒரு நிமிட வேலை.

நடந்தது இதுதான். டிரிக்கர் எட்டாததால், என்னை அறியாமலே கையைக் கைப்பிடியைச் சுற்றி முன்னுக்குத் திருகிப் பிடித்திருக்கிறேன். அப்படித் திருகும்போது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள கவை குழலுக்கு நேர் பின்னால் அமையாமல் விலகி, கட்டைவிரலின் அடி எலும்பு மரத்தில் இடிக்கிறது. வலி அங்கிருந்துதான். விரலும் நுனியால் மட்டுமே டிரிக்கரைத் தொடுவதால், அதை நேராகப் பின்னுக்கு இழுப்பதற்குப் பதிலாக இடப்பக்கம் தள்ளுகிறது. அந்தத் தடுமாற்றத்தைச் சமாளிக்க மற்ற விரல்களும் சேர்ந்து இறுகும்போது குழலின் முனை கீழே சாய்கிறது. இடப்புறம், கீழே. கைப்பிடியில் நான் தேடிய குறை டிரிக்கரில் இருந்தது.

இது இலக்கில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குறி பார்ப்பதற்காகக் குழலின் முனையில் நிற்கும் முன் குறிக்கும், துப்பாக்கியின் பின்புறத்தில் பிளவோடு இருக்கும் பின் குறிக்கும் இடையே சுமார் 330 மில்லிமீட்டர் இருக்கும் துப்பாக்கியில், முன் குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டருக்கு அப்பால் குண்டு ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் விலகும். வளையங்களுக்கு இடையே 8 மில்லிமீட்டர்தான்; அப்படியானால் கிட்டத்தட்ட நான்கு வளையங்கள் போயின. ஆனால் இரு குறிகளும் ஒன்றுக்கொன்று நேராகவே நிற்க, கை முழுவதும் சேர்ந்து ஐந்து மில்லிமீட்டர் ஆடினால், குண்டும் ஐந்து மில்லிமீட்டர்தான் விலகும். கை நடுங்குகிறதே என்று பலரும் கவலைப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், கவலைப்பட வேண்டியது மணிக்கட்டையும் விரலையும் பற்றித்தான்.

ஆகவே உங்களுக்கு என் பதில், கைப்பிடி வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள் என்பதே. இடக்கையால் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, வலக்கையின் கவையைக் கைப்பிடியின் பின்புறத்தில் எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே அழுத்தி வையுங்கள். பிறகு நடுவிரலையும் மோதிர விரலையும் மூடி, அழுத்தம் முன்னிருந்து நேர் பின்னுக்கு வரும்படி பிடியுங்கள். சுண்டு விரலும் கட்டைவிரலும் சும்மா சாய்ந்திருந்தால் போதும். ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி மரத்தைத் தொடக் கூடாது, அந்த விரலின் முதல் கணுவின் சதைப்பற்று டிரிக்கரின் மேல் நேராகப் படிய வேண்டும். படியவில்லை என்றால் கையைத் திருகாதீர்கள், திருகைத் திருப்புங்கள். அடுத்து, கண்களை மூடிக்கொண்டு கையை உயர்த்தி, மூச்சு அடங்கியதும் கண்ணைத் திறந்து பாருங்கள். முன் குறி பின் குறியின் பிளவில் ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் பிடியில் தவறு. இரண்டும் நேராக இருந்து, துப்பாக்கி மொத்தமும் இலக்குக்குப் பக்கத்தில் காட்டினால், பாதங்கள் நிற்கும் இடத்தில் தவறு. பின் காலைச் சிறிது நகர்த்தினால் தீரும். இவை முடிந்த பிறகும் குறிப்பிட்ட ஓரிடத்தில் மரம் உறுத்தினால் தேய்த்துக்கொள்ளலாம். இதமாக இருக்கும் பிடி எல்லாம் சரியான பிடி அல்ல. நூறு முறை எடுத்தாலும் ஒரே மாதிரி அமைவதே வேண்டியது, அது முதல் வாரத்தில் சற்று அந்நியமாகக்கூடத் தோன்றும்.

குறி தேறுவதற்கு நான் நம்புவது குண்டில்லாப் பயிற்சியைத்தான். இலக்கை அகற்றிவிட்டு, வெறும் வெள்ளைச் சுவரை நோக்கி டிரிக்கரை அழுத்துங்கள். பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாதபோது முன் குறி அசைவதை மறைக்க முடியாது. எட்டு, பத்து வினாடிகளுக்குள் டிரிக்கர் விழவில்லை என்றால் கையை இறக்கிவிடுங்கள். இதைச் செய்ய மனம் வராது, எனக்கும் வரவில்லை.

ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். ஹங்கேரியின் கரோலி தகாச்சு 1938-இல் கையெறி குண்டு வெடித்து வலக்கை சிதைந்த பிறகு, இடக்கையால் சுடப் பழகி, 1948-இலும் 1952-இலும் ஒலிம்பிக்கின் விரைவுப் பிஸ்டல் போட்டியில் தங்கம் வென்றார். மாபெரும் மனிதர், மறுப்பதற்கில்லை. கை வலிக்கிறது என்று நான் சொன்னபோதெல்லாம் இந்தக் கதையை வெவ்வேறு ஆட்கள் மூன்று முறை எனக்குச் சொன்னார்கள். பெட்டியில் இருந்த ஆலன் சாவி எதற்கு என்று அவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

டிரிக்கரை நகர்த்தும் முன் இப்போதுள்ள இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் குறைந்தது இரண்டு மூன்று நாள் பயிற்சி கொடுத்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.