ரசீதைக் கேளுங்கள், அம்மா

கேள்வி: இங்கிலாந்தில் டார்பி நகரில் வசிக்கிறோம். என் கணவர் செயலாளராக இருக்கும் சிறிய கிரிக்கெட் கிளப் இந்தப் பருவத்தில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. கலைத்துவிடலாம் என்கிறார். அதில் ஆடும் மகன் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. பொருளாளர் என் கொழுந்தன். வீட்டுப் பிள்ளை என்பதால் யாரும் ரசீது கேட்பதில்லை. 1884-இல் எல்லா ஆட்டத்திலும் தோற்ற எங்கள் மாவட்ட அணியான டார்பிஷயரும் பிறகு மீண்டதே! அதைச் சொல்லி மகனைத் தேற்றலாமா?

பதில்: தேற்ற வேண்டாம். தோற்ற பையன் நாலு நாள் வாடுவான், பிறகு தானே மட்டையை எடுப்பான். யாரும் ரசீது கேட்பதில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது என்ன பழக்கம்?

டார்பிஷயர் கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். அந்த ஆண்டு ஆடிய அத்தனை ஆட்டத்திலும் தோல்வி. 1887 பருவத்தோடு, பெரிய அணிகளுக்குரிய முதல்தர அந்தஸ்தே பறிபோய், 1894-இல்தான் திரும்பக் கிடைத்தது. ஆடத் தெரியாதவர்களா? 1876-இல் அதன் பந்துவீச்சாளர் வில்லியம் மைக்ராஃப்ட் ஹாம்ப்ஷயருக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 17 விக்கெட் எடுத்தும், ஒரு விக்கெட்டில் தோற்ற அணி அது.

களத்தில் அடி மேல் அடி விழுந்த அந்தக் காலத்தில் டார்பிஷயர் கிளப்பின் பணமும் கரைந்துகொண்டிருந்தது. கையாடியவர் சாமுவேல் ரிச்சர்ட்சன்: அணியின் முதல் கேப்டன், பிறகு துணைச் செயலாளர். எல்லோருக்கும் வேண்டியவர். 1890-இல் அதைக் கண்டுபிடித்தவரோ டார்பிஷயர் பெண்ணை மணந்து அங்கே குடியேறிய ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் ஃபிரெட் ஸ்பாஃபோர்த். ஊருக்கு வந்த மாப்பிள்ளை கண்ணில் பட்டது ஊர்க்காரர்கள் கண்ணில் படவில்லை! ரிச்சர்ட்சன் ஸ்பெயினுக்கு ஓடி, பெயரை மாற்றிக்கொண்டு மாட்ரிட்டில் தையற்காரராக வாழ்ந்தார்.

உங்கள் கொழுந்தன் நேர்மையானவராகவே இருக்கட்டும். நாளை ஒரு பவுண்டு குறைந்தாலும் பழி அவர் தலையில்தான் விழும். ரசீது இல்லாமல் அவர் எதைக் காட்டி வாதாடுவார்? தம்பியை அந்த நிலைக்கு விட்டுவிட்டு, கேட்பதற்குக் கூச்சப்படும் அண்ணனுக்கு என்ன பாசம்? அதுவும் ஊர்ப் பிள்ளைகள் கட்டிய சந்தா. உங்கள் கணவர் கலைக்கப் பார்ப்பதே இந்தச் சங்கடத்திலிருந்து தப்பிக்கத்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்களும் உடன்பட்டு வாய்மூடி இருந்திருக்கிறீர்கள்.

இந்த வாரமே வங்கிக் கணக்குத் தாளும் சந்தாப் புத்தகமும் கிளப் மேசைக்கு வரட்டும். உங்கள் குடும்பத்தைச் சேராத இருவர் சரிபார்த்துக் கையெழுத்திடட்டும். கலைக்கும் பேச்சு அதற்குப் பிறகு, அதுவும் ஆடுகிற பிள்ளைகளைக் கேட்டுவிட்டு.