கேட்டீர்கள், சொல்கிறேன்: கோழிக்கு அடியில் வாத்து முட்டை

சென்ற இதழில் அமெரிக்காவின் ரிகெட்டி நிறுவனத்தைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். குவாண்டம் கணினி செய்கிற அந்த நிறுவனம் ஓர் இன்குபேட்டரிலிருந்து, அதாவது புதிய நிறுவனங்களை அடைகாத்து வளர்த்துவிடும் அமைப்பிலிருந்து, வளர்ந்தது என்பதுதான் அந்த வரி. அதற்கு வந்த கடிதங்களே இந்த வாரம் மேசையை நிரப்பிவிட்டன. மூட்டுவலி, பென்ஷன் கேள்விகள் அனுப்பியவர்கள் ஓர் இதழ் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கே: என் மகன் பெங்களூரில் நல்ல வேலையை விட்டுவிட்டு நண்பர்களோடு குவாண்டம் கணினி நிறுவனம் தொடங்கப்போகிறானாம். ஏதோ இன்குபேட்டரில் இடம் கிடைத்திருக்கிறது என்கிறான். அங்கே அப்படி என்னதான் கொடுப்பார்கள்? (வாசகி, கும்பகோணம்)

ப: ரிகெட்டிக்கு என்ன கிடைத்தது என்று சொல்கிறேன் அம்மா, மகனிடம் ஒப்பிட்டுக் கேளுங்கள்.

சாட் ரிகெட்டி கனடாக்காரர். யேல் பல்கலைக்கழகத்தில் மிஷெல் டெவோரேயிடம் ஆய்வு செய்து பட்டம் பெற்றவர். 2025இல் இயற்பியல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவர் அந்த டெவோரே. ரிகெட்டி பிறகு ஐ.பி.எம்.மில் குவாண்டம் ஆராய்ச்சிப் பிரிவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 2013இல் சொந்தமாக நிறுவனம் தொடங்கினார். 2014 கோடையில் ஒய் காம்பினேட்டரில் சேர்ந்தார். கணக்காகப் பார்த்தால் அதை இன்குபேட்டர் என்பதைவிட ஆக்சிலரேட்டர் என்பதுதான் சரி. மூன்று மாதம் வைத்திருந்து, கடைசியில் முதலீட்டாளர்கள் முன்னால் சில நிமிடம் பேசவிட்டு அனுப்பிவிடுவார்கள். அந்த ஆண்டு அவர்கள் கொடுத்தது 1,20,000 டாலர். பதிலுக்கு எடுத்துக்கொண்டது 7 சதவீதப் பங்கு. அன்றைய நம் கணக்கில் சுமார் 70 லட்சம் ரூபாய். வீட்டுக்குப் பெரிய தொகை. ஆனால் குவாண்டம் சிப்பைக் குளிரவைக்கும் ஒரே ஒரு இயந்திரத்தைக்கூட அதில் வாங்க முடியாது.

எங்கள் ஊரில் வாத்து முட்டையைக் கோழிக்கு அடைவைப்பார்கள். கோழி 21 நாளில் குஞ்சு வரும் என்று உட்கார்ந்திருக்கும். வாத்து முட்டைக்கு 28 நாள் ஆகும். பொறுமையில்லாத கோழி பாதியில் எழுந்து போய்விடும். ஒய் காம்பினேட்டர் அதுவரை டிராப்பாக்ஸ், ஏர்பிஎன்பி மாதிரி மென்பொருள் முட்டைகளுக்குப் பழகிய கோழி. 2014இல் அதன் தலைமைக்கு வந்த சாம் ஆல்ட்மனுக்குக் கடினமான அறிவியலில் ஆசை. அதனால் அந்தக் கோடைத் தொகுதியில் நுண்ணுயிர்களை மாற்றியமைக்கும் ஜின்கோ, அணுக்கரு இணைவை முயலும் ஹீலியான், இந்த ரிகெட்டி எல்லாம் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

ஆகவே பணத்தைவிட அறிமுகம்தான் பெரிது. இயற்பியல் படித்த ஒருவரைப் பணக்காரர்கள் உட்காரவைத்துக் கேட்பதற்கு ஒரு முத்திரை வேண்டியிருந்தது, கிடைத்தது. 2017 மார்ச்சில் 6 கோடியே 40 லட்சம் டாலர் திரட்டியதாக அறிவித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் 19 க்யூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) கொண்ட சிப் வெளிவந்தது. கலிஃபோர்னியாவின் ஃபிரீமாண்டில் தங்களுக்கென்று ஒரு சிப் ஆலையும் வைத்துக்கொண்டார்கள். வெளியே கொடுத்துச் செய்யாமல் தானே செய்வது செலவுக்கு வழி என்று சொன்னவர்கள் உண்டு. நான் இந்த விஷயத்தில் ரிகெட்டி பக்கம். நாலு முறை செய்து கெடுத்தால்தான் ஐந்தாம் முறை வரும், அதற்கு அடுப்பு நம் வீட்டில் இருக்க வேண்டும்.

மகனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: செய்யப்போவது இயந்திரமா, அதில் ஓடும் மென்பொருளா? மென்பொருள் என்றால் அவ்வளவு கவலை வேண்டாம். இயந்திரம் என்றால், மூன்று மாதத்துக்குப் பிறகு யார் காசு கொடுப்பார்கள் என்று கேளுங்கள்.

கே: குவாண்டம் சிப்புக்கு ஏன் அவ்வளவு குளிர்? படத்தில் பார்த்தால் தங்கச் சரவிளக்கு மாதிரித் தொங்குகிறதே! (மாணவர், தஞ்சாவூர்)

ப: இதுதான் நான் காத்திருந்த கேள்வி தம்பி. முப்பது வருடம் தாழ்வெப்ப ஆய்வுக்கூடத்தில் ஸ்பேனர் பிடித்தவன் நான்.

ரிகெட்டி வகைச் சிப்பில் க்யூபிட் என்பது அலுமினியத்தால் செய்த நுண்ணிய மின்சுற்று. நடுவில் அலுமினிய ஆக்சைடு, இரு பக்கமும் அலுமினியம். அதை மைக்ரோவேவ் துடிப்பால் தட்டி எழுப்புகிறார்கள். சுமார் 5 கிகாஹெர்ட்ஸ் துடிப்பின் ஆற்றலை வெப்பக் கணக்கில் சொன்னால் கால் கெல்வின்தான் (பூஜ்ய கெல்வின் என்பது மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்). சுற்றுப்புறம் அதைவிடச் சூடாக இருந்தால் யார் தட்டியது என்றே தெரியாது. ஆகவே 0.01 கெல்வின் அளவுக்கு இறக்குகிறார்கள். விண்வெளியே 2.7 கெல்வின், அதை நினைத்துக்கொள்.

சரவிளக்கு என்பது தட்டுத் தட்டாகத் தொங்கும் செம்பு, மேலே தங்கப்பூச்சு. ஒவ்வொரு தட்டும் மேலே உள்ளதைவிடக் குளிர்ச்சி, சிப் கடைசித் தட்டின் அடியில். கிட்டத்தட்ட மண்பானைத் தத்துவம்தான். பானையில் நீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளே குளிர்கிறது. இங்கே ஹீலியத்தின் லேசான வகையான ஹீலியம்-3 அணுக்கள், கனமான வகையான ஹீலியம்-4 கலந்த திரவத்துக்குள் கடந்து போகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகின்றன.

என் கதை ஒன்று. ஒரு கலத்தின் மூடியை இண்டியம் கம்பி வளையம் வைத்து இறுக்கினேன். இண்டியம் வெண்ணெய் போல நசுங்கி இடுக்கை அடைக்கும். கசிவு காட்டும் கருவியை வைத்துப் பார்த்தோம், முள் அசையவில்லை. இரண்டு நாள் குளிரவைத்தோம். 4 கெல்வினிலும் ஒழுங்கு. 2.17 கெல்வினைத் தாண்டியதும் வெற்றிடம் கெட்டுவிட்டது. அந்த வெப்பநிலைக்குக் கீழே திரவ ஹீலியத்துக்குப் பிசுபிசுப்பே கிடையாது, மற்ற எதுவும் நுழையாத இடுக்கில் நுழைந்துவிடும். மறுபடி சூடாக்க இரண்டு நாள். திறந்தால் இண்டியத்தின் குறுக்கே ஒரு தலைமுடி அமுங்கிக் கிடந்தது. என்னுடையதுதான். அப்போது எனக்கு முடி இருந்தது.

கே: 2018இல் '128 க்யூபிட் சிப் 12 மாதத்தில்' என்று ரிகெட்டி அறிவித்ததே, வந்ததா? (வாசகர், கோவை)

ப: வரவில்லை. அந்த ஆகஸ்ட் வாக்குறுதி அப்படியே போய்விட்டது. ஒரே சிப்பில் க்யூபிட்டை அடுக்கிக்கொண்டே போனால், ஒன்று கெட்டாலும் முழுச் சிப்பும் வீண். பிறகு சின்னச் சிப்புகளைச் சேர்த்து ஒட்டும் வழிக்கு வந்தார்கள். 2022இல் 40 க்யூபிட் சிப் இரண்டைச் சேர்த்து 80. 2024 டிசம்பரில் ஒரே சிப்பில் 84. 2025 ஆகஸ்டில் 9 க்யூபிட் துண்டுகள் நான்கைச் சேர்த்து 36. எண்ணிக்கை குறைந்ததே என்கிறீர்களா? இரண்டு க்யூபிட்டுகளைச் சேர்த்துச் செய்யும் வேலையில் துல்லியம் 99.5 சதவீதம் என்றார்கள். இருநூறு தடவைக்கு ஒரு பிழை. ரொட்டிக் கடையில் இது பரவாயில்லை. லட்சக்கணக்கான படிகள் போடும் கணக்குக்கு இது இன்னும் போதாது. எண்ணிக்கையை விளம்பரத்தில் போட்டார்கள், நான் பிழையைத்தான் முதலில் தேடிப் படிப்பேன்.

கே: ரிகெட்டி பங்கை வாங்கலாமா? (வாசகர், தூத்துக்குடி)

ப: நான் ஸ்பேனர்காரன், தரகன் அல்ல. நடந்ததைச் சொல்கிறேன். 2022 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் ஏறியது. அந்த டிசம்பரில் நிறுவனர் விலகினார். சிப் பரிசோதனைக் கருவித் துறையிலிருந்து, மும்பை ஐ.ஐ.டி.யில் படித்த சுபோத் குல்கர்னி தலைமைக்கு வந்தார். 2023 பிப்ரவரியில் நூற்றுக்கு 28 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பங்கு ஒரு டாலருக்கும் கீழே போனது. 2024 கடைசியில் திடீரென்று எகிறியது. 2025 ஜனவரியில் சிப் நிறுவனமான என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், உண்மையில் பயன்படும் குவாண்டம் கணினிக்கு இன்னும் 15 முதல் 30 ஆண்டு ஆகலாம் என்ற பொருளில் பேச, ஒரே நாளில் ஏறக்குறைய பாதி விலை போய்விட்டது. இத்தனைக்கும் நடுவே விற்பனை வருமானம்: 2022இல் 1 கோடியே 31 லட்சம் டாலர், 2023இல் 1 கோடியே 20 லட்சம், 2024இல் 1 கோடியே 8 லட்சம். பங்கு ஏறிய ஆண்டில் வருமானம் இறங்கியிருக்கிறது. பெண் கல்யாணத்துக்கு வைத்த பணமாக இருந்தால் இந்தப் பக்கமே வராதீர்கள்.

கே: சென்னையில் இப்படி எதுவும் கிடையாதா? (வாசகி, தாம்பரம்)

ப: உண்டு. க்யூநியூ லேப்ஸ் 2016இல் சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் வளரத் தொடங்கியது, இப்போது பெங்களூரில் இருக்கிறது. அவர்கள் கணினி செய்யவில்லை. ஒளித்துகள் வழியாக ரகசியச் சாவி அனுப்பும் கருவி செய்கிறார்கள். அதற்கு ரிகெட்டிக்கு வேண்டிய 0.01 கெல்வின் குளிர் தேவையில்லை. 2023இல் மத்திய அரசு 6,003 கோடி ரூபாய்க்குத் தேசிய குவாண்டம் திட்டத்தை அறிவித்தது. அதில் தகவல் தொடர்புப் பகுதிக்குச் சென்னை ஐ.ஐ.டி. பொறுப்பு, கணினிப் பகுதிக்குப் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.

கே: ரிகெட்டியா, ரிஜெட்டியா? (வாசகர், பாளையங்கோட்டை)

ப: ரிகெட்டி. உங்கள் ஊர் அல்வாக் கடையில் 'கெட்டியாக இருக்கிறதா' என்று கேட்பீர்களே, அந்தக் 'கெட்டி'க்குக் கிட்டத்தில் வரும்.