வீட்டுப் பாதுகாப்புக்குத் துவக்கு: பயமா, ஆயத்தமா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் தற்காப்புக்குத் துவக்கு வைத்திருப்பதைப் பலர் ஆயத்தம் என்கிறார்கள். திருகோணமலையில் ஒரு வீட்டுக்காரர் துவக்கு எடுக்க நினைத்தால் அது ஆயத்தமா, பயமா?

துவக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. தோட்டா எங்கே இருக்கிறது, திறப்பு யாரிடம், வாசல் கதவின் கொண்டி எத்தனை அங்குல ஆணியில் நிற்கிறது என்று பார்த்தால் சொல்லிவிடலாம்.

அமெரிக்கக் கணக்கு இங்கே செல்லாது. அங்கே அது உரிமை. 1791இல் சேர்ந்த இரண்டாம் திருத்தம் வீட்டுத் தற்காப்புக்கான கைத்துப்பாக்கியையும் காக்கிறது என்று 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே இருப்பது 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கு குற்றம். பயிர்க் காவலுக்கென்றால் கச்சேரியில் மாவட்டச் செயலாளரிடம் விண்ணப்பம், உயிர்ப் பாதுகாப்புக்கென்றால் பாதுகாப்பு அமைச்சிடம். தம்பலகாமத்திலோ கந்தளாயிலோ வயல் செய்பவர் பன்றியைக் காரணம் காட்டலாம். உப்புவெளியில் வீடு வைத்திருப்பவர் தன் உயிருக்கு என்ன அச்சுறுத்தல் என்று காட்ட வேண்டும். "ஊருக்குள்ள களவு கூடிப்போச்சு" என்பது போதாது. கிடைத்தாலும் நிலையென்று இல்லை. தற்காப்புக்கென வழங்கிய துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி 2024 நவம்பரில் அமைச்சு கேட்டது.

பத்திரம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒழுங்காக வைத்திருப்பது என்றால் துவக்கு வெறுமையாக இரும்பு அலுமாரிக்குள், தோட்டா வேறு பெட்டியில் வேறு பூட்டில், இரண்டு திறப்பும் பிள்ளைகள் அறியாத இடத்தில். இரவு இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டு எழும்பியவர் திறப்பைத் தேடி, இரண்டு பூட்டையும் திறந்து, துவக்கின் குழலைக் கீழே மடித்துத் தோட்டா போட்டு நிமிர ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். கை நடுங்கினால் இன்னும் கூட. கதவை உடைப்பவனுக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். இந்தக் கணக்குப் புரிந்த உடனே ஆட்கள் செய்வது, தோட்டாவைப் போட்டபடியே தலைமாட்டில் சாத்தி வைப்பது. ஆயத்தம் பயமாக மாறுகிற இடம் அதுதான். கள்ளன் எப்போதாவது வருவான், வராமலும் போவான். பிள்ளை அந்த அறைக்குள் தினமும் வரும். வீட்டில் மனம் உடைந்த ஒருவர் இருந்தால் இன்னும் மோசம். அமெரிக்காவில் துவக்கால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. இலங்கையிலும் கடும் நஞ்சுள்ள பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு தற்கொலைச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. கைக்கெட்டும் தூரத்தில் என்ன கிடக்கிறது என்பது அவ்வளவு பெரிய விஷயம்.

"பன்னிரண்டு போர் பரந்து அடிக்கும், குறி பார்க்கத் தேவையில்லை" என்பதை நம்ப வேண்டாம். (போர், bore, என்பது குழலின் அளவு. எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும்.) அறைக்குள் நாலைந்து மீற்றர் தூரத்தில் எஸ்.ஜி. எனும் பெரிய ஈயக் குண்டுகள் விரித்த கையளவுக்கு மேல் பரவாது. தவறியவை தகரத்தையும் பலகைத் தடுப்பையும் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். அங்கே படுத்திருப்பது உங்கள் ஆட்கள்.

பழைய துவக்கென்றால் வேறு தலையிடி. பழைய இங்கிலாந்துத் துவக்குகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீற்றர். 70 மில்லிமீற்றர்த் தோட்டா அதற்குள் சுகமாக இறங்கும், ஏனென்றால் அதன் வாய் மடித்திருக்கிறது. சுடும்போது அந்த மடிப்பு விரிய இடம் போதாமல் அழுத்தம் எகிறும். இருபது போர்த் தோட்டா பன்னிரண்டு போர்க் குழலுக்குள் வழுகிப்போய்ச் சிக்கிக்கொள்ளும். வெறுமை என்று நினைத்துப் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். சுவரில் தொங்கவிட்ட குழலுக்குள் குளவி மண்கூடு கட்டினாலும் அதே கதி. கடற்காற்றில் எண்ணெய் காயக் காய உப்புத் துரு ஏறும், மாரியில் காகிதத் தோட்டா ஊதிப்போகும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே மடிக்கக் கூடாது. ஆளில்லாத பக்கம் குழலைப் பிடித்தபடி 30 வினாடியாவது பொறுக்க வேண்டும், பிந்தி வெடிக்கலாம். இதையெல்லாம் மாதாமாதம் பார்க்காதவரிடம் இருப்பது ஆயுதமல்ல, ஆபத்து.

சட்டப் பக்கம் சுருக்கமாக. தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. இரவில் வீடு உடைத்து நுழைபவன் விஷயத்தில் அது உயிர் போகும் அளவுக்கும் நீளலாம். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய 92ஆம் பிரிவு விடாது, பொலிஸை நாட நேரம் இருந்திருந்தால் உரிமையே இல்லை. மதில் ஏறி ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொன்னால் எடுபடாது.

துவக்கு விலையில் பத்தில் ஒரு பங்கைக் கதவில் போட்டால் அதைவிடக் கூடுதல் பலன். கடையில் வருகிற முக்கால் அங்குல ஸ்குரூ ஆணியைக் கழற்றிவிட்டு நிலைக்குள் நன்றாக இறங்கும் மூன்று அங்குல ஆணி போடுங்கள். கொண்டிக்கு ஆணியை விட, கதவைத் துளைத்து உட்பக்கம் நட் போட்ட போல்ட் நல்லது. பின் கதவுக்கு உள்ளே குறுக்குச் சட்டம், ஆனால் திறப்பில்லாமல் கழற்றக்கூடியது. தீ பிடித்தால் வெளியே வர வேண்டுமே. வளவுக்கு அசைவு கண்டால் எரியும் லைட், படலையடியில் ஒரு நாய். போனில் பொலிஸ் அவசர இலக்கம் 119உம் பக்கத்து இரண்டு வீட்டு இலக்கங்களும் இருக்கட்டும்.

அப்பாவோ மாமாவோ விட்டுப்போன துவக்கு வீட்டில் கிடந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பத்திரம் ஆளோடு போகிறது, பிள்ளைக்குத் தானாக வராது. அதைத் தூக்கி முச்சக்கர வண்டியில் போட்டுக்கொண்டு பொலிஸுக்குப் போகாதீர்கள். முதலில் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, இறப்புச் சான்றிதழையும் பழைய பத்திரத்தையும் கையில் எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்தில் பேசுங்கள். எப்படிக் கொண்டு வருவது, யார் வந்து எடுப்பது என்று அவர்கள் சொன்ன பிறகு அசைத்தால் போதும்.